ஹேனிபல், மிசோரி: டைனரில் மெனுவை அப்புறம் பாருங்க, முதல்ல அடுப்பைக் கேளுங்க

வழிப்போக்கன் (பதிவு 1)

செயின்ட் லூயிஸிலிருந்து ஹேனிபலுக்கு ஒரு நாள் போய்வரத் திட்டம். ஆறு பேர். அப்பா, அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ரெண்டு பேர் மீனும் கோழியும் மட்டும். மீதி ரெண்டு பேருக்கு எதுவும் ஓகே. அங்கே இந்திய உணவகம் தேடுற எண்ணம் இல்லை. அந்த ஊர்க்காரங்க சாதாரணமா என்ன சாப்பிடுறாங்களோ அதைத்தான் சாப்பிடணும். மேஜை விரிப்பு, வைன் கிளாஸ் வகையறா வேண்டாம். என்ன கேட்கணும், எதைத் தவிர்க்கணும், எத்தனை மணிக்குப் போகணும்?

கரையோரம் (பதிவு 2)

61-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ரெண்டு மணி நேரம். ஊர் சின்னது, ஏறக்குறைய 17,000 பேர். ரெண்டு பகுதியா நினைச்சுக்குங்க. மேலே நெடுஞ்சாலை ஓரம் எல்லா ஊரிலும் இருக்கிற சங்கிலிக் கடைகள். கீழே மிசிசிப்பி ஆற்றை ஒட்டிப் பழைய டவுன்டவுன். எழுத்தாளர் மார்க் ட்வைன் சிறுவயதில் வாழ்ந்த வீடு, அருங்காட்சியகம், படகுத்துறை எல்லாம் கீழேதான். வண்டியை ஒரு இடத்தில் போட்டுட்டு நடந்தே முடிச்சிடலாம்.

சாப்பாட்டுக்கும் கீழேயே பாருங்க. அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற மார்க் ட்வைன் டைனெட் (டைனர், அதாவது சாதாரண ஊர்ச் சாப்பாட்டுக்கடை) 1942-இல் தொடங்கினது. லூஸ் மீட் சாண்ட்விச், ரூட் பியர், வெங்காய வளையம் மூணும்தான் அதன் அடையாளம். ஊர்ச் சாப்பாட்டுக்கு அதுவே நல்ல மாதிரி.

நேரம்தான் நிறைய பேரை ஏமாத்துது. காலை உணவுக் கடைகள் பல மதியம் ரெண்டு மணிக்கே கதவைச் சாத்திடும். திங்கள், செவ்வாயில் விடுமுறை விடுற கடைகளும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பாதிக் கடை நேரத்தைக் குறைச்சிடும். கூகுளில் போட்டிருக்கிற நேரத்தை நம்பாதீங்க. சின்ன ஊர்க்கடைகள் அதைத் திருத்துறதே இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. ஜூலை 4-ஐ ஒட்டி, மார்க் ட்வைன் நாவலின் சிறுவன் பேரில் டாம் சாயர் நாட்கள் திருவிழா. வேலிக்கு வெள்ளையடிக்கிற போட்டியெல்லாம் நடக்கும். அந்த வாரம் போனால் பதினொன்றரைக்கு முன்னாடியே மேஜை பிடிச்சிடணும்.

இன்னொண்ணு, ஆற்று மட்டம். ஹேனிபலில் 16 அடியைத் தாண்டினால் வெள்ளம்னு கணக்கு. ஊரைக் காக்க வெள்ளத்தடுப்புச் சுவர் இருக்கு, 1993 பெருவெள்ளத்தில் டவுன்டவுன் தப்பிச்சது அதனாலதான். மட்டம் ஏறினால் சுவரின் கதவுகளை அடைச்சிடுவாங்க. கடைகள் திறந்திருக்கும், ஆற்றங்கரைக்குத்தான் போக முடியாது. வசந்தகாலப் பயணம்னா முந்தின நாள் மட்டத்தைப் பார்த்துக்குங்க.

கொத்துக்கறி (பதிவு 3)

லூஸ் மீட் பற்றி. எதுவும் சாப்பிடுற ரெண்டு பேருக்கு இதுதான் முதல் சிபாரிசு. ஆனா இது மாட்டுக்கறி, அதை முதலிலேயே சொல்லிடுறேன்.

ஹாம்பர்கர் மாதிரி வடை தட்டுறது கிடையாது. கொத்துக்கறியை உதிரி உதிரியா வேகவைச்சு, ஆவியில் மெத்துன்னு ஆக்கின பன்னுக்குள் அள்ளி வைப்பாங்க. மேலே கடுகு சாஸ், ஊறுகாய் வெள்ளரி, பொடியா நறுக்கின பச்சை வெங்காயம். பாதி உதிர்ந்து தட்டில் விழும். அதனால்தான் கூடவே ஒரு ஸ்பூன் வருது, வெட்கப்படாம அதைப் பயன்படுத்துங்க. இதைப் பிரபலமாக்கின மெய்ட்-ரைட் கடையும் ஆற்றங்கரைப் பிறப்புதான்: மிசிசிப்பி மேலே ஐயோவாவில் இருக்கிற மஸ்கட்டீனில், 1926-இல் ஒரு கறிக்கடைக்காரர் ஆரம்பிச்சது.

வீட்டில் செய்றவங்க பண்ணுற தப்பு ஒண்ணே ஒண்ணு: வறுத்துடுறாங்க. சூடான சட்டியில் கறியைப் போட்டால் விளிம்பு கருகி, கல்லு கல்லா இறுகிடும். முறை வேற. 1 கிலோ கறிக்கு (கொழுப்பு 15 முதல் 20 சதம்) ஒரு கப் தண்ணீர், ரெண்டு டீஸ்பூன் உப்பு. அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே, குளிர்ந்த சட்டியிலேயே கறியையும் தண்ணீரையும் சேர்த்து, மத்தால மசிச்சு உதிரி ஆக்கிடணும். அப்புறம் மிதமான தீயில் 30 முதல் 40 நிமிடம், மூடாமல். தண்ணி சுண்டி, ஆனா முழுசா வத்தாம, கறி பளபளன்னு ஈரமா இருக்கும்போது நிறுத்தணும். கொழுப்பு மேலே மிதந்தா சட்டியைச் சாய்ச்சு வடிச்சிடலாம். தக்காளி சாஸ் கலந்தால் அது ஸ்லாப்பி ஜோ, வேற பண்டம். பன்னை டோஸ்ட் பண்ணாதீங்க. மொறுமொறு பன் இந்த ஈரக்கறியோட ஒட்டாது.

கடையில் எல்லாம் போட்டுன்னு சொன்னா கடுகு, ஊறுகாய், வெங்காயம் மூணும் வரும். கறியில் மசாலா ஏதும் கிடையாது, அந்தக் காரமும் புளிப்பும்தான் சுவையே. வெங்காயம் வேண்டாம்னு சொல்லிட்டு அப்புறம் சப்புன்னு இருக்குன்னு குறை சொல்லாதீங்க.

வழிப்போக்கன் (பதிவு 4)

அப்பா அம்மாவுக்கு கிரில்டு சீஸ், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், வெங்காய வளையம்னு நினைச்சிருந்தேன். மெனுவில் பார்த்தால் எல்லாமே சைவமாத்தான் தெரியுது.

தோசைக்கல் (பதிவு 5)

மெனுவில் அப்படித்தான் தெரியும், அடுப்படியில் கதை வேற. சின்ன டைனரில் சமையல் நடக்கிறது ரெண்டே இடத்தில். ஒண்ணு நீளமான இரும்புக் கல். நம்ம ஹோட்டல் தோசைக்கல்லை அஞ்சு அடிக்கு இழுத்த மாதிரி இருக்கும். இன்னொண்ணு எண்ணெய்ப் பொரிப்பான், ஒரு தொட்டிக்கு 35 முதல் 50 பவுண்டு எண்ணெய் பிடிக்கும். பேக்கனும் (உப்பூட்டின பன்றி இறைச்சி), பர்கரும், முட்டையும், உங்க கிரில்டு சீஸும் அதே கல்லில்தான். மீனும், கோழியும், உங்க ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் பல இடத்தில் அதே எண்ணெயில்தான். நடுநடுவே கரண்டியால் சுரண்டுவாங்க, கழுவுறது ராத்திரிதான்.

அதனால் "இதில் கறி இருக்கா?"ன்னு கேட்காதீங்க. அவங்க கணக்கில் கறின்னா மாடு, பன்றித் துண்டு. பேக்கன் கொழுப்பையும் கோழிச் சாற்றையும் யாரும் கறின்னு எண்ணுறதில்லை. இல்லைன்னு அவங்க சொல்றது பொய் இல்லை, கேள்விதான் தப்பு. கேட்க வேண்டியது இதுதான்: ஃப்ரைஸுக்குத் தனித் தொட்டி இருக்கா? எண்ணெய் தாவர எண்ணெயா, மாட்டுக் கொழுப்பா? சீஸ் சாண்ட்விச்சைக் கல்லில் போடாமல் தனி வாணலியில் செய்வீங்களா? கூட்டமில்லாத நேரத்தில் பெரும்பாலும் செஞ்சு தருவாங்க. பன்னிரண்டு மணிக்குக் கேட்டால் கஷ்டம், ரெண்டு மணி நெருக்கத்தில் கேட்டால் சுலபம்.

பொருள் வாரியா:

வெங்காய வளையம்: மாவில் முட்டையோ மோரோ இருக்கும். முட்டை கூடாதுன்னா விட்டுடுங்க.

பச்சை பீன்ஸ்: மிட்வெஸ்டில், அதாவது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், பேக்கன் துண்டு போட்டு வேகவைக்கிறது வழக்கம். பேக்டு பீன்ஸும் அப்படியே.

பிஸ்கட் அண்ட் கிரேவி: பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. பிஸ்கட் நம்ம பிஸ்கட் இல்லை, மெத்துன்னு ரொட்டி. மேலே ஊத்துற வெள்ளைக் குழம்பு பன்றி சாசேஜை வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே மைதாவைப் பிரட்டி, பால் ஊத்திக் காய்ச்சினது. கால் கப் மைதாவுக்கு மூணு கப் பால், கைநிறைய மிளகுத்தூள். சாப்பிடுறவங்களுக்கு அருமையான காலை உணவு.

காய்கறி சூப்: பெரும்பாலும் மாட்டுச்சாறாத்தான் இருக்கும்.

பை (pie, மாவுக்குள் பழம் வெச்சுச் சுட்ட இனிப்பு): மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கலாம், கேளுங்க. ஜெல்லோவும் மார்ஷ்மெல்லோவும் ஜெலட்டின், விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கிறது.

பான்கேக்: முட்டை உண்டு.

சாலட்: மேலே பேக்கன் தூவி வரும். வேண்டாம்னு முன்னாடியே சொல்லணும், பொறுக்கி எடுக்கிற வேலை வேண்டாம். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மாதிரி ஒரு மீன் அரைச்சுச் சேர்ந்திருக்கும்.

பயமில்லாதது: அவனில் சுட்ட முழு உருளைக்கிழங்கு (மேலே வெண்ணெய், சவர் கிரீம், வெங்காயத்தாள்), காட்டேஜ் சீஸ், ஆப்பிள் சாஸ், காலையில் ஓட்ஸ் கஞ்சி, டோஸ்டரில் சுட்ட ரொட்டி. பட்டியல் சின்னதுதான், வயிறு நிறையும். சுட்ட கிழங்கு மாலையில்தான் பல கடைகளில் தயாரா இருக்கும், அது ஒரு மணி நேர வேலை.

இல்லினாய்க்காரன் (பதிவு 6)

தோசைக்கல் அண்ணா, இப்படிப் பார்த்தால் ஒருத்தரும் வெளியே சாப்பிட முடியாது. எண்ணெய் ஒண்ணாத்தான் இருக்கும்னு தெரிஞ்சே சாப்பிடுற சைவர்கள் இங்கே ஏராளம். அவங்கவங்க வரம்பு அவங்கவங்களுக்கு. பெரியவங்ககிட்டே முதல்லயே கேட்டுடுங்க: பொருள் மட்டும் சைவமா இருந்தால் போதுமா, பாத்திரமும் தனியா வேணுமா? பொருள் மட்டும் போதும்னா ஃப்ரைஸும் கிரில்டு சீஸும் தாராளமாச் சாப்பிடலாம்.

பாத்திரமும் தனின்னா ஊர்லயிருந்து கட்டிக்கிட்டுப் போறதுதான் நிம்மதி. ரிவர்வியூ பூங்காவில் மேட்டிலிருந்து ஆறு முழுக்கத் தெரியும். தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியில் வைங்க. சாதாரண நாளில் வெளியே ரெண்டு மணி நேரம், 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில்னா ஒரு மணி நேரம், அதுக்கு மேல் வேண்டாம். டைனருக்குள்ளே டப்பாவைத் திறக்காதீங்க, மரியாதை இல்லை.

தோசைக்கல் (பதிவு 7)

வரம்பு அவங்கவங்களுக்கு, சரிதான். ஆனா வரம்பு வைக்கணும்னா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணும். வழியில் நிறுத்தி மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ் வாங்குறதைப் பாதுகாப்புன்னு பலர் நினைக்கிறாங்க. அமெரிக்காவில் அதன் பொருள் பட்டியலிலேயே மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருக்கு. இதுக்காக இந்துக்களும் சைவர்களும் வழக்குப் போட்டு, 2002-இல் அந்த நிறுவனம் 1 கோடி டாலர் தர ஒத்துக்கிச்சு. எண்ணெயை மட்டும் விசாரிக்கிறவங்க பொருள் பட்டியலையும் பார்க்கணும்.

மெக்சிகன் கடைக்குப் போனால் தப்பிச்சிடலாம்னும் நினைக்காதீங்க. சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கும், மசிச்ச பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். மசிக்காத கருப்பு பீன்ஸ், சீஸ், சோள ரொட்டின்னு கேட்டு வாங்கினால் பரவாயில்லை.

முள்ளெடுப்பான் (பதிவு 8)

மீன் சாப்பிடுறவங்களுக்கு எழுதுறேன். ஆற்றங்கரை ஊருக்குப் போய்க் கெளுத்தி சாப்பிடாம வரக்கூடாது. இங்கே கேட்ஃபிஷ்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிடுறேன்: தட்டில் வர்ற கெளுத்தி பெரும்பாலும் எதிரே ஓடுற ஆற்றிலிருந்து வந்ததில்லை. மிசிசிப்பி, அலபாமா, ஆர்க்கன்சா மாநிலங்களின் பண்ணைக் குளத்துச் சேனல் கெளுத்தி அது. குறையா நினைக்காதீங்க, மண்வாடை குறைவு. ஆற்று மீனுக்கும் குளத்து மீனுக்கும் அந்த மண்வாடையைத் தர்றது ஜியோஸ்மின்ங்கிற பொருள். அது கொழுப்பில் தங்கும். பக்கவாட்டில் ஓடுற கருஞ்சிவப்புக் கோட்டை வெட்டி எடுத்தாலே பாதி போயிடும். மீதியை மோர் பார்த்துக்கும். புளிப்பு பட்டால் அந்த வாடை உடையுது. நம்ம கெளுத்திக் குழம்பில் புளியைத் தாராளமாக் கரைச்சு விடுறதும் இதே வேலையைத்தான் செய்யுது.

மெனுவில் மூணு வடிவம் இருக்கும். ஃபில்லே, முள்ளில்லாத துண்டு. நக்கெட், வயிற்றுப் பக்கச் சதை. விலை குறைவு, கொழுப்பும் வாடையும் கூடுதல். ஃபிட்லர், தலையும் தோலும் எடுத்த முழுச் சின்ன மீன், ஒரு பவுண்டுக்குள். இருந்தால் கண்ணை மூடிக்கிட்டு ஃபிட்லர் சொல்லுங்க. எலும்போட பொரியறதால் சதை காயாது.

அதைச் சாப்பிடுற விதம்: முதுகுத் துடுப்பைப் பிடிச்சு வாலிலிருந்து தலைப் பக்கமா இழுத்தால் அடிமுள்ளோட கழண்டு வரும். அப்புறம் நடுமுள்ளுக்கு மேலே ஃபோர்க்கை நுழைச்சுத் தள்ளினால் ஒரு பக்கச் சதை முழுசா வரும். திருப்பி அடுத்த பக்கம். கெளுத்தியில் சதைக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற பொடிமுள் கிடையாது, குழந்தைகளுக்கும் தரலாம்.

பஃபலோன்னு ஒரு மீன் மிசிசிப்பிக் கரையில் அங்கங்கே கிடைக்கும். அதுவும் கெண்டையும் வேற ரகம். சதை முழுக்க கவட்டை மாதிரிப் பிரிஞ்ச பொடிமுள். தெரிஞ்ச கடையில் கால் அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டுப் பொரிப்பாங்க. கீறல் வழியா எண்ணெய் இறங்கி முள் மொறுமொறுன்னு ஆகி மென்னுடலாம். கீறல் நெருக்கமா இல்லாத துண்டை யாருக்கும் கொடுக்காதீங்க. இல்லினாய் பக்கம் மெனுவில் கோப்பின்னு இருந்தால், ஆற்றை ஆக்கிரமிச்ச ஆசியக் கெண்டைக்கு அந்த மாநிலம் 2022-இல் வெச்ச புதுப்பேர் அது.

மிளகுரசம் (பதிவு 9)

வீட்டில் செய்ற அளவும் போடுங்களேன். சோளமாவு பிரட்டிப் பொரிச்சால் எண்ணெயில் எல்லாம் உதிர்ந்துடுது.

முள்ளெடுப்பான் (பதிவு 10)

எந்த மாவு? நம்ம ஊர் கார்ன்ஃப்ளார் பாக்கெட்டைப் பிரட்டியிருந்தால் அது ஸ்டார்ச். வேண்டியது கார்ன்மீல், மக்காச்சோளத்தைச் சன்ன ரவைப் பதத்துக்கு உடைச்சது.

170 கிராம் ஃபில்லே 4. ஒரு கப் மோர் (இங்கே விற்கிற கெட்டி பட்டர்மில்க்), ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் ஹாட் சாஸ். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். பிரட்ட: ஒரு கப் கார்ன்மீல், கால் கப்புக்குச் சற்று மேலே மைதா, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள். மைதா இல்லாமல் கார்ன்மீல் மட்டும் ஒட்டாது, மைதா அதிகமானால் மேல்தோல் ரப்பராகும்.

மோரை நல்லா வழிய விட்டுத்தான் பிரட்டணும். பிரட்டினதும் எண்ணெயில் போடாதீங்க. கம்பித் தட்டில் 10 முதல் 15 நிமிடம் வைங்க. மாவு ஈரத்தை இழுத்துப் பசை மாதிரிப் பிடிக்கும். உதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தை விட்டுடுறதுதான்.

எண்ணெய் 350 முதல் 360 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு தடவைக்கு ரெண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். நாலையும் தள்ளினால் சூடு 300-க்கு இறங்கி எண்ணெயைக் குடிச்சிடும். 5 முதல் 7 நிமிடம். உள்ளே 145 வந்தால் வெந்தது. ஃபிட்லர்னா 8 முதல் 10. எடுத்துக் காகிதத்தில் போடாதீங்க, அடிப்பக்கம் வேர்த்து ஊறிடும். கம்பித் தட்டுதான். அடியில் படியுற கருப்புத் துகளை அப்பப்போ அரிச்சு எடுக்கலேன்னா அடுத்த துண்டு கசக்கும். கடையிலும் இதே சோதனைதான்: தங்க நிறம்னா நல்ல எண்ணெய், அடர்பழுப்பும் பின்கசப்பும் இருந்தால் எண்ணெய் பழசு.

இல்லினாய்க்காரன் (பதிவு 11)

கேட்ஃபிஷ்ங்கிற பேர் பற்றி ஒரு குறிப்பு. வியட்நாமிலிருந்து வர்ற ஸ்வாய், பாசா மீனை அந்தப் பேரில் விற்க முடியாது. அமெரிக்கக் கெளுத்திக் குடும்பத்துக்கு மட்டும்தான் அந்தப் பேர்னு 2002 பண்ணைச் சட்டம் சொல்லுது. மெனுவில் வெறும் "மீன்"னு போட்டிருந்தால் பொலக், காட் மாதிரி உறைய வெச்ச கடல்மீனா இருக்கலாம். என்ன மீன்னு கேளுங்க. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளில் வெள்ளிக்கிழமை போனால், கத்தோலிக்க தேவாலயக் கூடங்களில் மீன் விருந்து போடுவாங்க. அந்த வட்டாரத்திலேயே மலிவான, சூடான மீன் அதுதான்.

பன்றி டெண்டர்லாய்ன் சாண்ட்விச்சையும் யாராவது சொல்லணும். பேர்தான் டெண்டர்லாய்ன், வெட்டுறது லாய்ன், அதாவது முதுகுச் சதை. கால் அங்குலத்துக்குத் தட்டி, கிராக்கர் (உப்பு பிஸ்கட்) தூளில் பிரட்டிப் பொரிச்சது. பன்னைவிட ரெண்டு மடங்கு அகலம், சுத்தி நீட்டிக்கிட்டு நிற்கும். வெளியே நீட்டுறதை முதலில் கடிச்சு முடிச்சிட்டு நடுவுக்கு வாங்க. ஒரு சாண்ட்விச்சே ரெண்டு பேருக்குப் போதும். உறைய வெச்சு வாங்குற துண்டுன்னா எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வட்டமா இருக்கும். கையால் தட்டினதுக்கு ஓரம் கோணல்மாணல்.

நன்னாரி (பதிவு 12)

ரூட் பியர் பற்றி ஒருத்தரும் எழுதலையே. பேரில் பியர் இருக்கே தவிர மது இல்லை, பெரியவங்க தயங்க வேண்டாம். ஒரு காலத்தில் சாசாஃப்ராஸ் வேர்ப்பட்டையைக் காய்ச்சிச் செஞ்சது. அதிலிருக்கிற சாஃப்ரோல் என்ற பொருளை 1960-இல் உணவில் தடை செஞ்சுட்டாங்க. இப்போ வருவது சாஃப்ரோல் நீக்கின சாறோ செயற்கை மணமோதான், கூட வனிலா, விண்டர்கிரீன்.

அந்த விண்டர்கிரீன்தான் நம்மவங்களுக்குச் சிக்கல். மூட்டுவலித் தைலத்தில் வர்ற அதே மணம். முதல் வாயில் தைலத்தைக் குடிச்ச மாதிரி இருக்கும். நன்னாரி சர்பத் பழகினவங்களுக்கு மூணாவது வாயில் பிடிபடும். நன்னாரிக்கு ஆங்கிலத்தில் இந்தியச் சர்சபரில்லான்னே பேரு. பழைய ரூட் பியர் செய்முறைகளில் சர்சபரில்லா வேரும் சேரும், தூரத்து உறவுதான்.

கடையில் கலக்கி விற்கிற இடத்தில் பாட்டிலைவிட வாயு மென்மையா இருக்கும். உறைய வெச்ச கண்ணாடி மக்கில் கேளுங்க. ஐஸ் படிஞ்ச மக்கில் நுரை பொங்கும், பாதி நுரையாத்தான் வரும், ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க. ரொம்ப இனிப்பு, ஆறு பேருக்கு மூணு மக் போதும். வனிலா ஐஸ்கிரீம் மிதக்க விட்டால் ஃப்ளோட். ஐஸ்கிரீம் பலதில் முட்டை இருக்காது, ஆனா பலகையில் ஃப்ரோசன் கஸ்டர்டுன்னு இருந்தால் முட்டை கட்டாயம் உண்டு. மஞ்சள் கருவின் திடப்பொருள் 1.4 சதம் இருந்தால்தான் அந்தப் பேரே வைக்கலாம்.

கரையோரம் (பதிவு 13)

பணம் கட்டுறது பற்றி. வாசலில் நீங்களே உட்காருங்கன்னு பலகை இருந்தால் நேரா மேஜைக்குப் போயிடலாம். இல்லைன்னா நின்னு காத்திருங்க. காபி எத்தனை தடவை ஊத்தினாலும் ஒரே விலை. ஐஸ் டீ கேட்டால் சர்க்கரை போட்டதா போடாததான்னு கேட்டுக்குங்க. பில் மேஜைக்கு வரும், பல கடைகளில் பணம் கட்டுறது கல்லாவில். மெனு விலையில் வரி சேராது. டிப்ஸ் 15 முதல் 20 சதம். மிசோரியில் டிப்ஸ் வாங்குற ஊழியருக்கு முதலாளி நேரடியாத் தர வேண்டியது குறைந்தபட்சக் கூலியில் பாதிதான், மீதியை டிப்ஸ்தான் நிரப்பணும். தனி வாணலி, பேக்கன் வேண்டாம்னு அவங்களை நாலு தடவை நடக்க வெச்சீங்கன்னா 20-க்குக் குறைக்காதீங்க. ரொக்கமா மேஜையில் வைங்க.

வழிப்போக்கன் (பதிவு 14)

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் கேட்டுட்டேன்: பொருள் சைவமா இருந்தால் போதுமாம், எண்ணெய் பற்றிக் கவலை இல்லையாம். மாட்டுக்கொழுப்பா இல்லையான்னு மட்டும் கேட்டுக்கிறோம். ஒன்றரை மணிக்கு உள்ளே போற மாதிரி கிளம்புறோம். கடைசியா ஒண்ணு, மீனோட வர்ற கோல்ஸ்லாவை அம்மாவுக்குத் தரலாமா? முட்டைக்கோஸ்தானே?

தோசைக்கல் (பதிவு 15)

கோஸ்தான், ஆனா மயோனைஸில் பிசைஞ்சது. மயோனைஸ்னா முட்டை. வினிகர் ஸ்லா இருக்கான்னு கேளுங்க, அதில் எண்ணெய், வினிகர், சர்க்கரைதான். இல்லைன்னா அதுக்குப் பதிலா ஆப்பிள் சாஸ் மாத்தித் தரச் சொல்லுங்க. ஒன்றரைக்குப் போறதா இருந்தால் அன்னைக்குச் சமையலறையை எத்தனை மணிக்கு மூடுறாங்கன்னு போனில் கேட்டுட்டுக் கிளம்புங்க. கடை ரெண்டரை வரை திறந்திருந்தாலும் பொரிப்பானை ரெண்டுக்கே அணைச்சிடுற இடங்கள் உண்டு.